தானியக் கூடத்தைக் காப்பாற்றிய கைடம்மா

கைடம்மா என்றால் படகுத்துறையிலிருந்து பழைய கோர்ட்டுக் கட்டடம் வரை தெரியாத ஆள் கிடையாது. காலையில் வெளுத்துப்போன நீலக் குடை ஒன்றைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவள் முன்னால் நடப்பாள். வெளியூர்க்காரர்கள் வாத்துக் கூட்டம் மாதிரி அவள் பின்னால் போவார்கள். மழைக்கோ வெயிலுக்கோ அவள் அந்தக் குடையை விரித்து யாரும் பார்த்ததில்லை. மீன் சந்தையில் வழுக்கி விழப்போகிறவர்களைக் கொக்கி போட்டு இழுக்கத்தான் அதை வைத்திருக்கிறாள் என்று கயிற்றுக்கடைக்காரர் கிண்டல் செய்வார்.

அவள் கைடு ஆனது திட்டம் போட்டுச் செய்த காரியமில்லை. புருஷன் ஆற்றில் பயணிகள் படகு ஓட்டினவன். நல்ல வயதில் ஒருநாள் மாரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. படகு ஆபீஸில் இரக்கப்பட்டு அவளை டிக்கெட் ஜன்னலில் உட்கார வைத்தார்கள். கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டுதான் டிக்கெட் கிழித்தாள். படகுக்குக் காத்திருக்கிறவர்கள் தலையை நீட்டி, "இங்க பாக்க என்னங்க இருக்கு?" என்று கேட்பார்கள். அவளுக்கு முன்னால் அங்கே இருந்தவர், "ஆறுதான் இருக்கு, பாருங்க" என்று சொல்லி அனுப்பிவிடுவாராம். இவளுக்கு அப்படி விட மனசு வராது. சுங்க மாளிகை, கயிற்றுச் சந்து, கடிகாரம் ஓடாத மணிக்கூண்டு என்று சொல்ல ஆரம்பித்தால் கேட்கிறவர்கள் படகையே விட்டுவிடுவார்கள். கடைசியில் மேலதிகாரி சிரித்துக்கொண்டே சொன்னார்: "உனக்கு டிக்கெட் குடுக்குற வேல சரிப்படாதும்மா. பேசுறதுதான் உன் வேல. அதையே பாரு."

அதையே பார்த்தாள். சந்தையில் தொடங்குவாள். அங்கே பழக்குவியல், மீன் கூடை, பழைய கடிகாரங்களைப் பரப்பி வைத்திருப்பவன், கூண்டுப் பறவைகள் விற்கும் அண்ணன் தம்பிகள் எல்லாவற்றையும் காட்டிவிட்டு, கயிற்றுச் சந்து வழியாகச் சுங்க மாளிகைக்குப் போவாள். அதன் வாசல் தூணில் ஒவ்வொரு வெள்ளத்தின் உயரத்தையும் கோடு கீறி வைத்திருப்பார்கள். அடுத்தது, ஒரு காலத்தில் ஊர் நெல்லையெல்லாம் குவித்து வைத்த தானியக் கூடம். சாப்பாடு கடைசியில்தான். யாராவது முதலில் சாப்பிட்டுவிடலாமே என்றால், "பசியோட பாத்தாத்தாங்க கட்டடம் அழகாத் தெரியும். சாப்பிட்டா தூக்கந்தான் வரும்" என்பாள்.

மகன் இந்தப் பேச்சைக் கேட்டே வளர்ந்தான். அவள் மூச்சு வாங்க நிறுத்தினால் மீதியை அவன் சொல்லி முடிப்பான். வளர்ந்து வளர்ந்து, கயிற்றுச் சந்தில் குறுக்கே ஓடும் தாழ்ந்த உத்தரத்தில் தலை இடிக்காமல் இருக்கக் குனிந்து போக வேண்டிய உயரத்துக்கு வந்துவிட்டான். படிப்பு ஏறவில்லை. பழைய கட்டடங்களை இடித்துக் கொடுக்கும் காண்ட்ராக்டர் ஒருவரிடம் வேலைக்குச் சேர்ந்தான். அவளும் ஒன்றும் சொல்லவில்லை. விழப்போகிற சுவரை யாராவது இடிக்கத்தானே வேண்டும்.

வண்டி நிறுத்த இடமில்லை என்று தானியக் கூடத்தை இடிக்க நகராட்சி முடிவு செய்தபோதுதான் வினை வந்தது. அந்த வேலை காண்ட்ராக்டருக்குக் கிடைத்தது. அவர் அதை அவள் மகன் பொறுப்பில் விட்டார். முதன்முதலாக அவன் தனியாக நின்று பார்க்கப் போகும் வேலை. இதை நல்லபடியாக முடித்தால் தொழிலில் பங்கு தருவதாகவும் சொல்லியிருந்தார். அவளோ சந்தைப் பெண்களைத் திரட்டிக் கேஸ் போட்டாள், பேப்பர்காரர்களைக் கூட்டிவந்தாள். அந்த நாட்களில் அம்மாவும் மகனும் ஒரே பானைச் சோற்றைத்தான் சாப்பிட்டார்கள். உப்பு, தண்ணீர் என்பதற்குமேல் ஒருவருக்கொருவர் பேச்சு இல்லை.

இடிக்கும் இயந்திரம் வந்த காலையில் அவள் கூடத்துப் படியில் உட்கார்ந்துகொண்டாள். அவன்தான் வந்து எதிரே நின்றான்.

"எந்திரிம்மா. வீட்டுக்குப் போயிப் பேசிக்கலாம்."

சுற்றிலும் கூட்டம். கேமராக்கள். அவள் அவன் முகத்தைப் பார்க்காமல் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள்: "இத இடிக்க வந்தவங்க யாரும் எனக்குச் சொந்தமில்ல."

அவன் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி அவள் பக்கத்தில் படியில் வைத்துவிட்டுப் போனான். சாயங்காலத்துக்குள் கோர்ட்டு தடை போட்டது. சந்தையே அவளைத் தூக்கி வைத்துக் கொண்டாடியது. யாரோ கையில் திணித்த இனிப்புப் பொட்டலத்தோடு அவள் வீட்டுக்கு வந்தபோது அலமாரியில் அவன் துணி இல்லை.

கோபம் தணிந்தால் வந்துவிடுவான் என்று நினைத்தாள். ரெண்டு நாளைக்கு அவளுக்கே கோபம் இருந்தது. பிறகு போன் போட்டுப் பார்த்தாள். அந்த நம்பர் உபயோகத்தில் இல்லை என்றது. வெட்கத்தை விட்டுக் காண்ட்ராக்டர் வீட்டுப் படியேறினாள். "வெளியூர் போயிட்டாம்மா. எங்கன்னு எனக்குத் தெரியாது" என்றார் அவர். பொய் சொல்வது போல இல்லை.

வருஷங்கள் ஓடின. கூடத்துக்குச் சாயம் பூசி, வண்ணக் கண்ணாடிகளை மாற்றி, ஊருக்கே பெருமை என்று ஆக்கிவிட்டார்கள். தினமும் அவள் அதன் இரும்புத் தூண்களுக்கு நடுவில் நின்று, இயந்திரம் வந்த கதையையும் தாங்கள் மறித்து உட்கார்ந்த கதையையும் சொல்வாள். மகனைப் பற்றிச் சொல்ல மாட்டாள். 'இடிக்க வந்த ஆளுங்க' என்பதோடு சரி. முடித்ததும் எல்லோரும் கை தட்டுவார்கள். உயரமான கூரையில் அது மழை பெய்வது மாதிரி கேட்கும்.

ஒருநாள் வந்த கூட்டத்தில் சாம்பல் நிறச் சட்டை போட்ட ஒரு பெண் இருந்தாள். தனியாக வந்திருந்தாள். குடை திரும்புவதற்கு முன்பே இவள் கால் திரும்பியது. கயிற்றுச் சந்தில் எல்லோரும் கடைகளைப் பார்த்தபோது இவள் அண்ணாந்து அந்தத் தாழ்ந்த உத்தரத்தைப் பார்த்தாள். எக்கி, கையால் ஒரு தரம் தொட்டும் பார்த்தாள். சுங்க மாளிகையில் கைடம்மா வாய் திறப்பதற்குள் வெள்ளக் கோடுகளின் முன்னால் போய் நின்றாள்.

"முன்னாடி வந்திருக்கீங்களாம்மா?"

"இல்ல மேடம். கேள்விப்பட்டிருக்கேன்."

கூடத்தில் கதை முடிந்து எல்லோரும் கை தட்டினார்கள். அந்தப் பெண் மட்டும் தட்டவில்லை.

"இடிக்க வந்தவங்க என்ன ஆனாங்க மேடம்?" என்று கேட்டாள்.

இத்தனை வருஷத்தில் யாரும் அதைக் கேட்டதில்லை. கைடம்மா சமாளித்தாள். "அவங்களுக்கென்ன, வேற எங்கயாவது இடிக்கப் போயிருப்பாங்க." கூட்டம் சிரித்தது.

"ஆமா. போனாங்க" என்றாள் அந்தப் பெண்.

ஆற்றங்கரைச் சாப்பாட்டுக் கடையில் எல்லோரும் அவரவருக்கு வேண்டியதைச் சொன்னார்கள். அந்தப் பெண் மட்டும் கடைக்காரரிடம், "எனக்கு மீன் வறுவல். ஓரமெல்லாம் நல்லா கருகணும்" என்றாள். கடைக்காரர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பிறகு கைடம்மாவைப் பார்த்தார். அந்தக் கடையில் அப்படிக் கேட்டுச் சாப்பிட்ட ஆள் ஒருத்தன்தான். டம்ளர்களில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த கைடம்மா நிறுத்தினாள். ஒன்றுமில்லை, தற்செயல் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மறுபடி ஊற்றினாள்.

மற்றவர்கள் சாப்பிட்டுவிட்டு விடைபெற்றுப் போனார்கள். அந்தப் பெண் எழுந்திருக்கவில்லை. தட்டில் மீன் அப்படியே இருந்தது. கைடம்மா தண்ணீர் ஜாடியோடு அவள் பக்கம் வந்தாள்.

"அத்தை" என்றாள்.

ஊரில் அவளை அம்மா என்பார்கள், அக்கா என்பார்கள். அவளுக்கும் சரி, புருஷனுக்கும் சரி, கூடப்பிறந்தவர்கள் கிடையாது. அவளை அத்தை என்று கூப்பிட உலகத்தில் ஒருத்திக்குத்தான் உரிமை உண்டு. அது புரிந்ததும் அவளுக்கு முதலில் வந்தது சந்தோஷம். அந்தப் பெண்ணின் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. அவள் தோளுக்கு மேலாக வாசலைப் பார்த்தாள்.

"அவன் எங்கம்மா? வெளிய நிக்கிறானா? வரச் சொல்லு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"அவங்க இல்ல அத்தை."

"ஊர்ல இருக்கானா?"

"இல்ல அத்தை."

இரண்டாவது 'இல்ல' என்னவென்று அவளுக்குப் புரிந்தது. தண்ணீர் ஜாடியை மேஜைமேல் வைத்தாள். அது ஓரத்தில் இருந்ததால் கடைக்காரர் ஓடிவந்து பிடித்துக்கொண்டார். கடையின் முன்கதவைச் சாத்திவிட்டு அடுப்பங்கரைக்குள் போய்விட்டார்.

அந்தப் பெண் துணிக்கடையில் வேலை பார்க்கிறவள். அவனைக் கட்டிக்கொண்டு நாலைந்து வருஷம் இருக்கும். குழந்தை இல்லை. அவன் பிழைக்கப் போன பெருநகரத்திலும் இடிக்கிற வேலைதான் செய்தான். தூசி நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது. இருமல்தானே என்று விட்டுவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது நாள் கடந்துவிட்டது.

"எனக்கு ஏம்மா சொல்லல?"

"கூப்பிடட்டுமான்னு கேட்டேன் அத்தை. சரியானதும் நாமளே போலாம்னாங்க. சரியாயிடும்னுதான் நெனச்சாங்க."

"என்மேல கோவமா இருந்தானா?"

"மொதல்ல இருந்துச்சாம். அப்புறம் வெக்கந்தான். இத்தன நாள் கழிச்சு எப்படிப் போயி நிக்கிறதுன்னு." அவள் மீன் தட்டைத் தள்ளி வைத்தாள். "ஆஸ்பத்திரில தூக்கம் வராது. அப்பல்லாம் என்ன இந்த ஊருக்குக் கூட்டிட்டு வருவாங்க. பேச்சுலதான். சந்தைல ஆரம்பிச்சு ஒவ்வொரு கடையாச் சொல்லுவாங்க. மூச்சு வாங்கும். நிறுத்திட்டு, மறுபடி விட்ட எடத்துலேருந்து ஆரம்பிப்பாங்க. தானியக் கூடத்த மட்டும் சொன்னதில்ல. சுங்க மாளிகைலேருந்து நேரா இந்தக் கடைக்கு வந்துருவாங்க. ஏன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது."

கைடம்மா அழவில்லை. "நீ ஒண்ணும் சாப்பிடலியேம்மா" என்றாள். கடைக்காரரைக் கூப்பிட்டு வேறு சூடாகக் கொண்டுவரச் சொன்னாள். மருமகள் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருந்தாள். அன்று வீட்டுக்குப் போனதும் அவன் துணியிருந்த அலமாரித் தட்டைத் துடைத்து மருமகளின் பையை அதில் வைத்தாள். பிறகுதான், கதவைப் பிடித்துக்கொண்டு ஒரு பாட்டம் அழுதாள். மருமகள் தடுக்கவில்லை. தானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

மருமகள் ஊருக்குத் திரும்பிய பிறகு கைடம்மா மறுபடி குடையை எடுத்தாள். வேலையை விட்டால் வீட்டில் உட்கார முடியாது. ஆனால் தானியக் கூடத்துக்குள் அவள் போவதில்லை. வாசலில் நின்று, "உள்ள போயிப் பாத்துட்டு வாங்க, எனக்குக் கால் வலிக்குது" என்பாள். அதே படியில் உட்காரவும் மாட்டாள். எதிர்ப்பக்கம் பறவை விற்கிறவர்கள் ஸ்டூல் போட்டுக் கொடுப்பார்கள். காப்பாற்றியது தப்பா என்று ஒருநாள் கயிற்றுக்கடைக்காரரிடம் கேட்டாள். அவர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். "கட்டடத்தக் காப்பாத்துனது தப்பில்ல அண்ணே. ஆனா அன்னைக்கு அவன் மூஞ்சியப் பாத்திருந்தா 'சொந்தமில்ல'ங்கிற வார்த்தை வாயில வந்திருக்காது" என்று அவளே சொல்லிக்கொண்டு எழுந்து போனாள்.

மழைக்காலத்தில் வெளியூர்க்காரர்கள் வரத்துக் குறையும். அப்போது ஒருமுறை பஸ் ஏறி மருமகளிடம் போனாள். மூன்றாம் மாடியில் ஒற்றை அறை. கதவுக்குப் பின்னால் அவனுடைய நீளக் கால்சட்டை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் அதை எடுத்துத் தன் இடுப்பில் வைத்துப் பார்த்தாள். முக்கால்வாசி தரையில் கிடந்தது.

மறுநாள் மருமகள் லீவு போட்டுவிட்டு அவளை வெளியே கூட்டிப்போனாள். அவன் பஸ் ஏறும் இடம். கடைசியாக அவன் இடித்துக் கொடுத்த மனை, இப்போது அங்கே கண்ணாடிக் கட்டடம் ஒன்று எழும்பியிருந்தது. வேலைக்குப் போகும்போது தினமும் அவன் நிற்கும் டீக்கடை. கைடம்மா ஒவ்வொரு இடத்திலும் நின்று, எங்கே நிற்பான், எந்தப் பக்கமாகப் போவான் என்று கேட்டுக் கேட்டுப் பார்த்தாள்.

டீக்கடைக்காரரிடம் மருமகள் சொன்னாள்: "இவங்க அவரோட அம்மாங்க."

"யாரோட அம்மா?"

"நெட்டையா ஒருத்தர் வருவாரே. வீடு இடிக்கிற வேல. தெனமும் வருவாரு."

டீக்கடைக்காரர் மரியாதைக்காக நன்றாகவே யோசித்துப் பார்த்தார். "கோச்சுக்காதீங்கம்மா. எத்தனையோ பேரு வராங்க. ஞாபகம் இல்லையே."

மருமகளின் முகம் சுருங்கிவிட்டது. கைடம்மா டீக் கிளாஸைக் கையில் பிடித்தபடி, "குனிஞ்சுதான் வருவான். இந்தக் கூரைக்கு நல்லாவே குனியணும். கலகலன்னு பேசுவான்..." என்று ஆரம்பித்தாள். பேச்சு அங்கே நின்றுபோனது. ஒரு தூணைப் பற்றி ஒரு மணி நேரம் பேசக்கூடியவளுக்கு அதற்குமேல் தெரியவில்லை. இங்கே வந்து நின்றவன் கலகலவென்று பேசினானா, பேசாமல் குடித்துவிட்டுப் போனானா? சர்க்கரை எவ்வளவு போடச் சொன்னான்? ஒன்றும் தெரியவில்லை.

அவள் மருமகளைப் பார்த்தாள். "நீ சொல்லும்மா."

மருமகள் தயங்கினாள். பிறகு மெதுவாகச் சொல்லத் தொடங்கினாள். சர்க்கரை கம்மியாகக் கேட்பார், கிளாஸை ரெண்டு கையாலும் பிடித்துக்கொள்வார், பனிக்காலத்தில் அந்த ஓரமாக நிற்பார், யாரோடும் அதிகம் பேச மாட்டார். டீக்கடைக்காரர் அடுப்பைத் தணித்துவிட்டுக் காது கொடுத்துக் கேட்டார். கைடம்மா ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டு நின்றாள்.