பவுனம்மாவுக்கு ஆரஞ்சுப் பழம்

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது பவுனம்மா மயங்கி விழுந்தார். அன்று மதியம் நான் சாப்பிடவில்லை.

பவுனம்மா எங்களுக்கு உறவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் வந்த தொடர்கதையில், புக்கிட் மெர்தாஜாம் பசார் சந்தைக்குப் பக்கத்தில் நாசி லெமாக் சோற்றுக்கடை வைத்திருந்தவர். ஆனால் ஜார்ஜ்டவுனில் இருந்த எங்கள் அடுக்குமாடி வீட்டில் அவரை யாரும் கதையில் வருபவராக நினைத்ததில்லை. கடையைச் சாத்திவிட்டுப் பத்தடி நடந்த பிறகு, கேஸை மூடினோமா என்று சந்தேகம் வந்து திரும்புவார். மூடித்தான் இருக்கும். அதற்காக அடுப்பைத் திட்டுவார். யாரிடம் எதைச் சொன்னாலும், "காதுல விழுந்துச்சா, காத்துல போச்சா?" என்று முடிப்பார். சம்பல் வைப்பதில் அவருக்கும் அம்மாவுக்கும் ஒத்துப்போகவில்லை. "புளிய முன்னாடியே ஊத்திடுறாங்க, நல்லாவா இருக்கும்?" என்று அம்மா பத்திரிகையைப் பார்த்துக் கேட்பார். கதையெல்லாம் பொய் என்று சொல்லும் அப்பா, எங்களுக்கு முன்பே எழுந்து அந்தப் பக்கத்தை மட்டும் படித்துவிட்டு, மடிப்புக் கலையாமல் வைத்துவிடுவார்.

அப்படிப்பட்ட பவுனம்மா கடை வாசலிலேயே சரிந்து விழுந்தார். ஆம்புலன்ஸ் வந்தது. 'தொடரும்' என்று போட்டுவிட்டார்கள். அடுத்த ஞாயிறு கதையே வரவில்லை.

எங்களோடு தங்கியிருந்த மாமா, அம்மாவின் தம்பி, "ஆளு முடிஞ்சிட்டாங்க லா. அதான் எழுத ஒண்ணுமில்ல" என்றார்.

நான் போட்ட கூச்சலில் அம்மா கரண்டியோடு ஓடிவந்தார். "வாயக் கழுவுடா!" என்றார் மாமாவிடம்.

என்னைச் சமாதானப்படுத்தத்தான் மாமா அதுவரை சொல்லாத ஒன்றைச் சொன்னார். புக்கிட் தெங்காவில் அவர் வேலை செய்த தொழிற்சாலைக்கு ஆட்களை ஏற்றிவரும் பஸ்ஸை ஓட்டுபவர்தான் அந்த எழுத்தாளராம். வீடு சுங்கை பாக்காப்பில். "காடியில ஏறு. நேரா போய்க் கேட்டுட்டு வந்திடலாம்."

ஆஸ்பத்திரியில் இருப்பவரைப் பற்றி விசாரிக்க வெறுங்கையோடு போகக்கூடாது என்று நான் வழியில் ஆரஞ்சுப் பழம் வாங்கச் சொன்னேன். மாமா சிரித்துக்கொண்டே வாங்கிக் கொடுத்தார். கார் பாலத்தைக் கடக்கும்போது கடலைக்கூடப் பார்க்காமல் அந்தப் பையை மடியில் பிடித்துக்கொண்டிருந்தேன்.

எழுத்தாளர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு பஸ்ஸுக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தார். எழுத்தாளர் என்றால் மூக்குக்கண்ணாடியாவது இருக்கும் என்று நம்பியிருந்தேன். ஏமாற்றத்தை விழுங்கிக்கொண்டு கேட்டேன்.

"அங்கிள், பவுனம்மா பொழைச்சுக்குவாங்களா?"

அவர் குழாயை மூடினார். என்னைப் பார்த்தார், நான் நெஞ்சோடு அணைத்திருந்த பையைப் பார்த்தார். பிறகு வீட்டுப் பக்கம் திரும்பி, "நேத்து சாயந்தரம் வீட்டுக்கு வந்துட்டாங்கம்மா" என்றார். "இனிமே பயமில்லன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

நான் நின்ற இடத்திலேயே குதித்தேன். நாடே காத்திருக்கும் அடுத்த அத்தியாயத்தை என் ஒருத்திக்கு மட்டும் சொல்லிவிட்டாரே!

அப்போது உள்ளிருந்து ஒரு குரல் வந்தது. "வெயில்ல புள்ளைய நிக்க வெச்சு என்ன பேச்சு? உள்ள கூட்டிட்டு வாங்க. காதுல விழுந்துச்சா, காத்துல போச்சா?"

எழுத்தாளரின் மனைவி. புறங்கையில் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். கணவர் தடுத்தும் கேளாமல் எனக்கு மைலோ கலக்கிக் கொடுத்தார். வந்து உட்கார்ந்தவர் உடனே எழுந்து போய் அடுப்பைப் பார்த்தார். "மூடித்தான் இருக்கேன்னு சொன்னா என்ன?" என்று அதை அதட்டினார். எழுத்தாளர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். வழியெல்லாம் என்னைக் கேலி செய்துவந்த மாமா எழுந்து, திரும்பி வந்தவருக்கு நாற்காலியை நகர்த்திப் போட்டார்.

"பவுனம்மாகிட்ட குடுத்திடுங்க அங்கிள்" என்று பையை நீட்டினேன். அவர் இரண்டு கைகளாலும் வாங்கி, என்ன நினைத்தாரோ, மனைவியிடம் கொடுத்தார். அந்த ஆன்ட்டி அங்கேயே ஒரு பழத்தை உரித்து வாயில் போட்டுக்கொண்டு, "நல்ல இனிப்பு" என்றார். நோயாளிக்கென்று வாங்கியதை இப்படித் தின்கிறாரே என்று எனக்கு மனசு பொறுக்கவில்லை. மரியாதைக்காக மைலோவைக் குடித்து முடித்தேன்.

வீடு திரும்பியதும் எங்கள் மாடியின் நடைபாதை நெடுக ஓடினேன். "பவுனம்மா வீட்டுக்கு வந்துட்டாங்க!" அக்கம்பக்கத்துக் கதவுகள் திறந்தன. எதிர் வீட்டு அக்கா கைதட்டினார். "நெசமாவா?" என்று முதலில் கேட்டவர், கதையெல்லாம் பொய் என்று சொல்லும் அப்பாதான்.

அன்று நான்தான் அந்த வீட்டின் ராணி. பார்த்ததையெல்லாம் அம்மாவிடம் ஒப்பித்தேன். கடைசியில், ஒரு குறையையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

"அந்த அங்கிளோட வொய்ஃப் கதைய ரொம்பப் படிச்சிருக்காங்கம்மா. எல்லாமே பவுனம்மா மாதிரியே செஞ்சு காட்டுறாங்க. ஆனா நம்ம பவுனம்மா அளவுக்கு வரல லா."