கேம்பல் பேயிலிருந்து வந்த பின்னூட்டம்

போர்ட் பிளேரில், கப்பல்கள் வந்து நிற்கும் ஜெட்டிக்குப் போகும் சாலையில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. நகல் எடுப்பது, மனு டைப் அடிப்பது, தீவுகளுக்கிடையே ஓடும் கப்பல்களுக்கு டிக்கெட் பதிவு செய்து கொடுப்பது, இவைதான் வேலை. அத்தா ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்து துணிக்கடை வைத்த இடம் அது. மத்தியானத்தில் கூட்டம் குறைந்ததும், அதே கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ஏழெட்டு வருடமாக ஒரு வலைப்பதிவு எழுதிவந்தேன். தமிழில், இந்தத் தீவுகளின் சரித்திரமும் இங்கே போடப்படும் திட்டங்களும் பற்றி.

படித்தவர்கள் அதிகமில்லை. ஆசிரியர்கள், ரிட்டயர் ஆன அரசு ஊழியர்கள், மெயின்லேண்டுக்குத் திரும்பிப் போய்விட்ட சிலர். ஜெயிலைத் தவிர இந்த ஊருக்கு வேறு சரித்திரமே இல்லையா என்று ஒரு முறை எழுதினேன். ஊருக்கு வெளியே சிப்பிகாட் என்ற இடத்தில் சுனாமிக்குப் பிறகு உப்புத்தண்ணீர் தேங்கிப்போன வயல்களைப் பற்றி ஒரு முறை. என் மனைவி ஒவ்வொன்றையும் வெளியிடுவதற்கு முன் படிப்பாள். பெரும்பாலும் ஒரே வாக்கியம்தான் சொல்வாள்: "பாதியைக் குறைங்க."

தீவுகளின் பெயர்களை மாற்றியதைப் பற்றி நான் எழுதிய பதிவுக்குத்தான் அவர் முதன்முதலாகப் பின்னூட்டம் போட்டார். டிக்கெட்டில் சுவராஜ் த்வீப் என்று அச்சடித்திருந்தாலும், கவுண்டரில் நிற்பவர்கள் ஹேவ்லாக் என்றுதான் கேட்கிறார்கள், பெயர்ப்பலகையை மாற்றினால் சரித்திரம் மாறாது என்று எழுதியிருந்தேன். அவர் நிதானமாக மறுத்தார். அது ஒரு வெள்ளைக்காரத் தளபதியின் பெயர், சிப்பாய்களை அடக்கியவன், என் அப்பா பட்டாளத்துக்காரர், அந்தப் பெயரை நான் ஏன் சுமக்க வேண்டும் என்று கேட்டிருந்தார். கீழே, "தங்கள் பதிவுகளைத் தவறாமல் படிக்கிறேன். கருத்து வேறுபாட்டுக்கு மன்னிக்கவும்" என்று முடித்திருந்தார்.

அவர் கேம்பல் பேயில் இருந்தார். எங்கள் தீவுக்கூட்டத்தின் தெற்குக் கடைசி. முன்னாள் ராணுவத்தினருக்கு நிலம் கொடுத்துக் குடியேற்றியபோது அப்பாவோடு சிறுவனாகப் போய் இறங்கியவர். தென்னையும் பாக்கும் வைத்திருந்தார். பக்கத்து வீடுகள் பஞ்சாபி, மராத்தி, தெலுங்கு. அதனால் அவருடைய தமிழில் பாதி இந்தி. ஆனால் எழுதும்போது மட்டும் பள்ளிக்கூடத் தமிழில் எழுதுவார்.

அதன் பிறகு என் ஒவ்வொரு பதிவுக்கும் அவர் பதில் வந்தது. நேரில் பார்த்ததில்லை, போன் நம்பர் தெரியாது. யாராவது என்னை மதத்தைச் சொல்லித் திட்டினால், நான் பார்ப்பதற்கு முன்பே அவர் பதில் போட்டிருப்பார்: "விஷயத்தைப் பேசுங்கள், ஐயா." அவ்வளவுதான்.

பிறகு அவருடைய தீவில் பெரிய துறைமுகம், விமான நிலையம், நகரம் எல்லாம் வரப்போகும் திட்டம் பேசப்பட்டது. நான் எதிர்த்து எழுதினேன். காடு, அந்தக் காட்டுக்குள் வாழும் ஜனங்கள், ஆமை முட்டையிடும் கரை. தொடர்ந்து எழுதினேன். அவர் தொடர்ந்து மறுத்தார். ஒரு நாள் சற்றே சூடாக எழுதினார்: "தாங்கள் ஆட்டோவில் போனால் ஐந்து நிமிடத்தில் பெரிய ஆஸ்பத்திரி. எங்களுக்கு ஹெலிகாப்டர் வரவேண்டும், அல்லது கப்பல். துறைமுகம் வந்தால் எல்லாம் வரும். ஆமைக்காகத் தாங்கள் படும் கவலையில் கொஞ்சம் எங்களுக்காகவும் படலாம்."

நான் பதில் எழுதினேன்: "ஆஸ்பத்திரி வேண்டுமென்றால் ஆஸ்பத்திரியைக் கேளுங்கள். துறைமுகத்தைக் கேட்டுவிட்டு, அதற்குள் எங்காவது ஆஸ்பத்திரி இருக்கும் என்று காத்திருக்காதீர்கள்."

அந்த வாக்கியத்தைப் பலர் எடுத்துப் போட்டார்கள். ஃபேஸ்புக்கில் சுற்றியது. மனைவிகூட அதில் எதையும் குறைக்கச் சொல்லவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது.

அவரிடமிருந்து பதில் வரவில்லை. மூன்று வாரம் போனது. கோபித்துக்கொண்டார் என்று நினைத்தேன். பிறகு, அதே பதிவின் கீழே, ஒரு காலையில் இது வந்திருந்தது:

"என் மனைவி சென்ற வாரம் காலமானார். நெஞ்சுவலி. டாக்டர் போர்ட் பிளேருக்கு எழுதிக் கொடுத்தார். மூன்று நாள் விடாத மழை, ஹெலிகாப்டர் இறங்க முடியவில்லை. யார் மீதும் குற்றமில்லை. தங்களுக்குப் பதில் சொல்லத் தாமதமானதற்கு மன்னிக்கவும்."

கடையில் ஒரு தெலுங்குப் பெண் பிறப்புச் சான்றிதழை நகலெடுக்க நின்றிருந்தாள். எடுத்துக் கொடுத்தேன். இரண்டு பக்கமும் எடுக்க வேண்டுமா என்று கேட்டேன். அவள் போன பிறகு இன்னொரு முறை படித்தேன். எனக்குள் ஒன்றும் நடக்கவில்லை. அழுகை வரும் என்று எதிர்பார்த்து, கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். பல் பிடுங்கும்போது ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் வேறு யாருடைய கன்னத்தையோ தொடுவதுபோல இருக்குமே, அப்படி இருந்தது.

மாலைக்குள் அந்தப் பின்னூட்டத்தின் கீழே மற்றவர்கள் வந்துவிட்டார்கள். துறைமுகம் இருந்திருந்தால் இந்தத் தாய் பிழைத்திருப்பாள், ஆமைப் பிரியர்கள் பதில் சொல்லட்டும் என்றார் ஒருவர். சாவை வைத்து அரசியல் செய்யாதீர்கள், மழைக்கும் துறைமுகத்துக்கும் என்ன சம்பந்தம் என்றார் இன்னொருவர். இரண்டாவது ஆள் என் பக்கம். என் வாக்கியத்தையே மேற்கோள் காட்டியிருந்தார். அந்தப் பதிவை அவ்வளவு பேர் அதற்கு முன் படித்ததே இல்லை.

நான் எதையும் நீக்கவில்லை. நீக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. இரண்டாம் நாள் ஒரு புதிய பதிவு எழுதினேன். தீவின் மருத்துவ வசதி, வானிலை, கப்பல் போக்குவரத்து எல்லாவற்றையும் வைத்து, என் வாக்கியம் ஏன் இப்போதும் சரி என்று. நன்றாக வந்திருந்தது. மனைவியிடம் கொடுத்தேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றபடியே படித்தாள்.

"இதுல அந்தம்மா எங்கங்க இருக்காங்க?" என்றாள்.

"முதல் பாராவுல இருக்காங்களே."

"அது உதாரணம்ங்க. ஆள் எங்க?"

தாளை வாங்கி மடித்தேன். அதை வெளியிடவில்லை. அவரைக் கூப்பிட்டுப் பேசுங்கள் என்றாள். நம்பர் இல்லை என்றேன். அது உண்மைதான். ஆனால் கேம்பல் பே கப்பலில் வேலை செய்யும் இரண்டு பேரை எனக்குத் தெரியும். கேட்டிருந்தால் ஒரு நாளில் கிடைத்திருக்கும். கேட்கவில்லை.

பத்து நாள் கழித்து அவரே வந்தார். மெலிந்த மனிதர், மொட்டையடித்து லேசாக முடி முளைத்திருந்தது, தோளில் ஒரு துணிப்பை. ஆதார் அட்டையை நீட்டி நகல் கேட்டார். சென்னைக் கப்பலுக்கு டிக்கெட் எடுக்க வேண்டும் என்றார். அட்டையில் கேம்பல் பே என்று பார்த்ததும் நிமிர்ந்து பார்த்தேன்.

"நீங்கதானே பாய், ப்ளாக் எழுதுறது?" என்றார். "ஜெட்டில கேட்டேன். லிக்னேவாலா பாய், எழுதுற பாய் கடைன்னு காட்டினாங்க."

ஸ்டூலை இழுத்துப் போட்டேன். உட்கார்ந்தார். பையை மடியில் வைத்துக்கொண்டார். அஸ்தி அதற்குள் இருந்தது, ராமேஸ்வரத்தில் கரைக்கக் கொண்டுபோகிறார் என்பதைப் பிறகுதான் சொன்னார்.

"அந்த வாக்கியம்..." என்று தொடங்கினேன்.

"அரே, அதை விடுங்க. அது சஹி பாயிண்ட், சரிதான். எனக்கு ஜவாப் இல்ல, அதான் ரெண்டு வாரம் யோசிச்சேன். அப்புறம் இவளுக்கு உடம்புக்கு வந்துடுச்சு." நான் வரவழைத்த டீயைக் கையில் வாங்கினார், குடிக்கவில்லை. "ஆனா எனக்கு இப்பவும் போர்ட் வேணும்தான் பாய். அதுல மாத்தம் இல்ல."

"எனக்கும் மாத்தம் இல்லை."

"டீக் ஹை, சரி," என்றார்.

டீ கிளாஸைக் கீழே வைத்தார். பிறகு அவர் வந்த விஷயத்தைச் சொன்னார்.

"நான் போட்ட கமெண்ட் இருக்கில்ல, அதை எடுத்துடுங்க. எனக்கு எடுக்கத் தெரியல. கீழ இவன் அந்தப் பக்கம் இழுக்கிறான், அவன் இந்தப் பக்கம் இழுக்கிறான். போர்ட் வேணும்ங்கிற என் கட்சிக்காரன்தான் முதல்ல ஆரம்பிச்சான், படிச்சேன். அவ யாருக்கும் பாயிண்ட் இல்ல பாய். உங்களுக்கும் இல்ல, எனக்கும் இல்ல."

"உங்க வீட்டம்மாவும் படிப்பாங்களா, நாம எழுதுறதை?"

"சே, சே. அவளுக்கு இதெல்லாம் பிடிக்காது. நான் டைப் பண்ணிட்டே இருந்தா, யாரு அந்த ஆளு, அவருக்கு வீடு வாசல் இல்லையான்னு கேப்பா." சிரித்தார். சிரிப்பு நிற்கவேண்டிய இடத்தில் நிற்காமல் கொஞ்சம் நீண்டது.

அவர் முன்னாலேயே அந்தப் பின்னூட்டத்தையும் அதன் கீழே இருந்தவற்றையும் நீக்கினேன். நிச்சயமாக நீக்கவா என்று கம்ப்யூட்டர் ஒவ்வொன்றுக்கும் கேட்டது. அவர் திரையைப் பார்த்தபடி ஒவ்வொரு முறையும் தலையசைத்தார். முடிந்ததும் பின்னூட்டப் பெட்டியையே மூடிவிட்டேன். அதை அவர் கேட்கவில்லை.

வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிப்போனேன். மனைவி அன்று மீனை ஒதுக்கி வைத்துவிட்டுச் சாம்பாரும் உருளைக்கிழங்கும் செய்தாள். பையை எங்கே வைப்பது என்று அவர் தயங்கியபோது, அவள் மேஜையைத் துடைத்து ஒரு புதுத் துண்டை விரித்தாள். அவர் அதன்மேல் வைத்தார். சாப்பிடும்போது மழை, தேங்காய் விலை, சென்னைக் கப்பலில் மலிவான பங்க் வகுப்புப் படுக்கை கிடைக்குமா என்பதையெல்லாம் பேசினோம். அவர் கிளம்பிய பிறகு மனைவி அழுதாள். நான் தட்டுகளை எடுத்து வைத்தேன்.

ஒரு மாதம் கழித்து, மெயின்லேண்டிலிருந்து திரும்பும் வழியில் மீண்டும் கடைக்கு வந்தார். இந்தியில் கையால் எழுதிய ஒரு தாள் வைத்திருந்தார். கேம்பல் பே ஆஸ்பத்திரிக்கு இதய டாக்டர் வேண்டும், மழைக்காலம் முழுவதும் நோயாளிகளை ஏற்றிப்போக ஒரு படகு தயாராக நிற்க வேண்டும் என்று மனு. அதை டைப் அடித்துத் தரச் சொன்னார். ஊரில் எல்லாரிடமும் கையெழுத்து வாங்கப் போவதாகச் சொன்னார்.

அடித்துக்கொண்டே வந்தேன். கடைசிப் பாராவில், எங்கள் தீவுக்கு வரும் துறைமுகத் திட்டத்தை மனதார வரவேற்கிறோம் என்று இருந்தது. என் விரல் நின்றது.

"இது வேணுமா?" என்று கேட்டேன். "மனு ஆஸ்பத்திரிக்குத்தானே?"

"இது இல்லன்னா எங்க ஆளுங்க பாதிப் பேர் சைன் பண்ண மாட்டாங்க பாய். எனக்கும் வேணும். நீங்க ஒத்துக்கலன்னு தெரியும். வேற கடைல அடிச்சுக்கட்டுமா?"

"வேண்டாம்," என்றேன். அந்த வரியை அவர் எழுதியிருந்தபடியே அடித்தேன். ஓர் இடத்தில் இலக்கணப் பிழை இருந்தது. திருத்தினேன். நான்கு பிரதி எடுத்து, ஓரம் சரியாகச் சேர்த்து, ஸ்டேப்ளர் பின் அடித்துக் கொடுத்தேன்.

மனு கிடைத்ததாக நிர்வாகத்திடமிருந்து முத்திரையிட்ட ஒரு கடிதம் அவருக்கு வந்தது. போட்டோ எடுத்து அனுப்பினார். இப்போது அவருடைய நம்பர் என்னிடம் இருக்கிறது. அதற்கு மேல் இன்றுவரை ஒன்றும் வரவில்லை. வலைப்பதிவு அப்படியே இருக்கிறது. நான் அதில் எதுவும் எழுதவில்லை. ஏன் எழுதவில்லை என்று கேட்கிறவர்களிடம் கடையில் வேலை அதிகம் என்கிறேன்.

முத்திரைக் கடிதத்தை மனைவியிடம் காட்டியபோது, "நீங்க கையெழுத்துப் போட்டீங்களா?" என்று கேட்டாள்.

"அது அந்த ஊர்க்காரங்க போட வேண்டியது."

"சரி," என்றாள்.

மறுநாள் பள்ளிக்கூட அட்மிஷன் தொடங்கியது. கடைக் கதவைத் திறப்பதற்கு முன்பே, நகலெடுக்க வேண்டிய சான்றிதழ்களோடு வாசலில் பெற்றோர் வரிசையாக நின்றிருந்தார்கள்.