கால் என்னுடையது, கை அவருடையது

ஆறு வாரம் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரே காரை ஓட்டினோம். கேலிக்குச் சொல்லவில்லை. என் கணவர் குளியலறையில் வழுக்கி விழுந்து, இடது மணிக்கட்டில் எலும்பு விரிசல் விட்டுப்போய், முழங்கை வரை மாவுக்கட்டு. இடது கை இல்லாமல் கியர் போட முடியாது. லைசென்ஸ் வாங்கிப் பதினோரு வருஷம் பீரோவில் வைத்திருந்த நான் ஸ்டீயரிங் பக்கம் உட்கார வேண்டியதாயிற்று. அவர் எனக்கு இடப்பக்கம் உட்கார்ந்தார். அவருடைய வலது கை நன்றாகத்தான் இருந்தது. வண்டி கிளம்பிய நிமிஷமே அது கியர் குமிழ் மேல் வந்து உட்கார்ந்துகொண்டது.

"கிளட்ச்" என்பார். நான் மிதிப்பேன். அவர் இரண்டாவது போடுவார். "விடு" என்பார். விடுவேன். மறுபடி "கிளட்ச்". மூன்றாவது.

இப்படியே சிட்லபாக்கத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு, சானடோரியம் ஸ்டேஷனுக்கு, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு. ஆராதனை முடிந்து கிளம்பும்போது சர்ச் கொயரில் பாடுகிற ஒரு அக்கா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "ஜோடியா ஓட்டறீங்களே, பாக்கவே ஆசையா இருக்கு" என்றார். ஆசையாம் ஆசை. பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இயற்பியல் எடுக்கிறவள் நான். உந்தம், திருப்புவிசை என்று கரும்பலகை நிறைய எழுதிப் போடுகிறவளுக்கு ஒரு குமிழைத் தொட அனுமதி இல்லை.

அந்த வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் கை வண்டிதான், ஆனால் சாதாரண வண்டி இல்லை. டர்போ இன்ஜின், ஆறு கியர், சீட்டில் சிவப்பு நூல் தையல். அவர் அலுவலகத்தில் யாரோ ஒருவர் அப்படி ஒன்று வைத்திருந்தார் என்று இவரும் தேடிப் பிடித்து வாங்கினார். எத்தனை குதிரைத்திறன், நூறைத் தொட எத்தனை நொடி என்று வருகிற போகிறவர்களுக்கெல்லாம் ஜெபம் மாதிரி ஒப்பிப்பார். ஓட்டுவதைப் பார்த்தால்தான் வயிறு எரியும். நாற்பதைத் தொடுவதற்குள் ஐந்தாவது கியர். வண்டி உடம்பெல்லாம் உதறும். "டாப்புல போட்டாத்தான் மைலேஜ்" என்பார்.

அவரை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் பக்கத்தில் யார் எந்த வண்டி வாங்கினாலும் முதல் கேள்வி "எவ்ளோ குடுக்குது" என்பதுதான். நாங்கள் இருவரும் படித்த டிரைவிங் ஸ்கூலிலும் அதே வேதம். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தவருக்குத் தனியாக ஒரு கிளட்ச், ஒரு பிரேக். எல்லாவற்றையும் அவரே மிதித்துக்கொண்டு, "ஏத்து, ஏத்து, கியர ஏத்திக்கினே போ" என்பார். ஏற்ற மட்டும்தான் சொல்லிக்கொடுத்தார். குறைக்கச் சொன்னது சிக்னலில் நிற்கும்போதுதான். பாலத்தில் இறங்கும்போது நியூட்ரல் போட்டு விடுவதைப் பெரிய சாமர்த்தியம் என்று நினைக்கிற ஊர் இது. என் கணவர் இரும்புலியூர் பாலம் இறங்கும்போதெல்லாம் நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டு, ஏதோ சாதித்த மாதிரி என்னைத் திரும்பிப் பார்ப்பார்.

கட்டுப் பிரித்த அன்று ஆஸ்பத்திரி வாசலிலேயே சாவிக்குக் கை நீட்டினார்.

"இன்னிக்கு நான் ஓட்டறேங்க. கை இன்னும் வீங்கியிருக்கு."

"உன் பக்கத்துல உக்காந்து எனக்கு பிபி ஏறினதுதான் மிச்சம். குடு."

கொடுத்தேன். எனக்கு அந்தக் கார் வேண்டும் என்று இல்லை. இவள் ஓட்டுகிறாள், இவளுக்கு வருகிறது என்று அந்த மனுஷன் ஒரே ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை. அற்ப ஆசைதான், இல்லை என்று சொல்லவில்லை.

ஏப்ரல் கடைசியில் கிளட்ச் நழுவ ஆரம்பித்தது. பாலம் ஏறும்போது கருகல் வாடை. "ஆறு வாரம் நீ மிதிச்ச மிதி" என்றார். பள்ளி விடுமுறை என்பதால் இரும்புலியூரில் இருந்த மெக்கானிக்கிடம் வண்டியைக் கொண்டுபோய் விடுகிற வேலை என் தலையில் விழுந்தது. என் வயதுதான் இருக்கும் அவருக்கு. பிரித்த கிளட்ச் தட்டை மண்ணெண்ணெய்க் கையோடு தூக்கிக் காட்டினார்.

"யாருக்கா ஓட்றது இத்த?"

"ரெண்டு பேரும்."

"பாலத்துல நிக்கசொல்ல பிரேக்க புடிக்காம, பாதி கிளட்ச்சுலயே தொங்க வுட்டுகினு நிக்கிறது யாரு?"

நான் குனிந்து தட்டைப் பார்த்தேன். நான் பிரேக் பிடிக்கிறவள். மெக்கானிக்குக்குப் புரிந்துவிட்டது போல. புதுத் தட்டு போட்டபின் ஓட்டிப் பார்க்க என்னையும் ஏற்றிக்கொண்டு போனார். மூன்றாவது கியரிலேயே வைத்து மிதித்தார். ஆர்பிஎம் முள் இரண்டாயிரத்தைத் தாண்டியதும் டர்போவின் விசில் சத்தம் கேட்டது. மூவாயிரத்தில் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. இரண்டு வருஷமாக எங்கள் வீட்டு வாசலில் நின்ற வண்டியா இது என்று இருந்தது.

"ரெண்டாயிரத்துக்குக் கீழ இது தூங்கினு கீதுக்கா. நீங்க எய்ந்திரிக்கவே வுடாம அடுத்த கியர் போட்டா பேஜாராயிடும், வண்டிக்கும் உங்களுக்கும்."

கிளட்ச் தேய்ந்தது எதனால் என்று அன்று சாயங்காலம் என் கணவரிடம் சொன்னேன். "உன்னத்தான் ஜாடையா சொல்லியிருக்கான், உனக்குப் புரியல" என்றார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே ஆடத் தெரியாதவருக்குக் கூடமும் கோணல், பெண்டாட்டியும் கோணல்.

மே மாதம் முழுக்க அவர் எட்டரை ரயிலுக்குப் போனதும் வண்டியின் உறையை உருவினேன். தாம்பரம் நெரிசலில் இரண்டாவதிலும் மூன்றாவதிலும் ஊர்ந்து, பீர்க்கன்கரணை தாண்டி, பைபாஸில் ஏறுவேன். முதல் சில நாள் அசிங்கம்தான். கியரைக் குறைத்துக் கிளட்ச்சை விட்டால் வண்டி தலையைக் குப்புற அடித்த மாதிரி குலுங்கும். யோசித்துப் பார்த்தேன். சக்கரம் ஒரு வேகத்தில் சுற்றுகிறது, இன்ஜின் வேறு வேகத்தில். இரண்டையும் திடீரென்று சேர்த்துவைத்தால் இடிக்காமல் என்ன செய்யும். கிளட்ச் மிதிபட்டிருக்கிற அந்த அரை நொடியில் ஆக்ஸிலரேட்டரை ஒரு தட்டு தட்டி இன்ஜினின் வேகத்தை ஏற்றிவிட வேண்டும், அப்புறம் விட வேண்டும். இதைத்தான் நான் வருஷா வருஷம் வகுப்பில் வேறு பெயரில் சொல்லிக்கொடுக்கிறேன். என் காலுக்கு அது போய்ச் சேர ஒன்பது நாள் ஆயிற்று.

ஒரு நாள் மூன்றாவதிலிருந்து நான்காவதுக்கு இழுத்தேன். கை இறுகிப்போய் இடது பக்கம் சாய்ந்து, இரண்டாவதில் விழுந்துவிட்டது. இன்ஜின் அலறியது. ஓரமாக நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன். ஏன் அப்படி இறுக்கினேன் என்று அப்போதுதான் புரிந்தது. ஆறு வாரம் நான் பார்த்தது அவருடைய முஷ்டியை மட்டும்தான். கியரைப் பிடிக்கவே வேண்டாம். உள்ளங்கையால் தள்ளினால் அதுவே தன் இடத்துக்குப் போகிறது. அதன் பிறகு ஒரு தடவைகூடத் தவறவில்லை.

சந்தோஷமாக இருந்தேன், அதைச் சொல்ல என்ன வெட்கம். மூன்றாவதில் நாலாயிரத்துச் சொச்சம் வரை இழுத்து, பைபாஸில் லாரிகளுக்கு நடுவே நுழைந்து, நான்கு, ஐந்து, ஆறு என்று வழுக்கிக்கொண்டு போகும்போது கல்யாணத்துக்கு முன்னால் இருந்த ஒருத்தி எனக்குள் எழுந்து உட்கார்ந்தாள். பதினொரு மணிக்கு வீட்டில் இருப்பேன். உறையைப் போர்த்திவிட்டு ரசத்துக்குப் புளி கரைப்பேன்.

மைலேஜ் குறைந்ததை மட்டும் அவர் கண்டுபிடித்துவிட்டார். "பங்க்ல ஏமாத்தறான்" என்று பெட்ரோல் போடுகிற இடத்தை மாற்றினார். பிறகு இன்னொரு தடவை மாற்றினார். நான் ஓட்டியிருப்பேன் என்று சந்தேகப்படக்கூட அவருக்குத் தோன்றவில்லை. திட்டியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

ஜூன் முதல் வாரம் செங்கல்பட்டில் அவருடைய சொந்தத்தில் ஒரு கல்யாணம். காலையிலேயே சொல்லிவிட்டேன்.

"இன்னிக்கு நான்தான் ஓட்டுவேன். நீங்க கைய மடியில வச்சுக்கிட்டு உக்காரணும்."

"என்ன திடீர்னு? சரி, பாக்கலாம்."

வண்டலூர் வரை கை மடியில்தான் இருந்தது. நான் நன்றாக ஓட்டினேன். இதில் எனக்குத் தன்னடக்கம் கிடையாது. கூடுவாஞ்சேரி தாண்டி முன்னால் ஒரு கன்டெய்னர் லாரி. கண்ணாடி பார்த்தேன், வலப்பக்கம் காலி. ஐந்திலிருந்து மூன்றுக்குக் குறைத்தேன். காலால் அந்தச் சின்னத் தட்டு. குலுங்கவே இல்லை. முள் ஏறியது, விசில் கேட்டது, வண்டி பாய்ந்தது. பாதி லாரியைத் தாண்டியிருப்போம்.

"இன்ஜின் கத்துது பார். கியர மாத்து, மாத்துடீ" என்று அவருடைய வலது கை வந்து குமிழைப் பிடித்து இழுத்தது. திடுக்கிட்டு ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டேன். கிளட்ச் மிதிபடவில்லை. கர்ரென்று இரும்பை இரும்பு மெல்லும் சத்தம். பக்கத்தில் லாரி, பின்னால் ஒரு பஸ்ஸின் ஹாரன். எப்படியோ கிளட்ச்சை மிதித்து, அவர் கையோடு சேர்த்தே குமிழைத் தள்ளிக் கியரைப் போட்டுத் தாண்டினேன்.

"பாத்தியா? கியர்பாக்ஸையே பிச்சுட்ட."

"கைய எடுங்க."

அவ்வளவுதான் சொன்னேன். சொல்ல நினைத்தது இன்னும் நெஞ்சிலேயே இருக்கிறது. கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்து, நான் கியர்பாக்ஸைப் பிய்த்ததாக அவர் கதை சொன்னார். கத்தரிக்காய் பரிமாறிக்கொண்டிருந்தவர்கூடக் கரண்டியை நிறுத்திச் சிரித்தார். நான் பிரியாணியை அப்படியே வைத்து இலையை மூடினேன்.

அடுத்த வாரம் அறிவித்தார். இதை விற்றுவிட்டு ஆட்டோமேட்டிக் வாங்கப் போகிறோம். "உனக்காகத்தான். இந்த அவஸ்தையே வேணாம் பார். ஆக்ஸிலரேட்டர், பிரேக், அவ்ளோதான்." நாய் பெற்ற தெங்கம்பழம் என்பார்கள். தானும் உடைத்துத் தின்னாது, இன்னொருவருக்கும் விடாது. என் நாத்தனார் போனில் கூப்பிட்டு, "குடுத்து வச்சவ நீ" என்றாள். ஆமாம் என்றேன்.

வண்டி பார்க்க ஒருவர் வந்தார். முப்பது வயசு இருக்கும், மென்பொருள் வேலை. என் கணவர் ஓட்ட, அவர் முன்னால் உட்கார, ஆர்சி புத்தகப் பையோடு நான் பின்சீட்டில். வழக்கம்போல முப்பத்தைந்தில் நான்காவது, நாற்பதில் ஐந்தாவது. பாலம் ஏறும்போது வண்டி இழுக்க முடியாமல் உதறியது.

"சார், பிக்கப் சுத்தமா இல்லையே. டர்போ போயிடுச்சா?"

"இல்ல சார், ஏசி போட்டிருக்கோம்ல, அதான்."

வந்தவர் முகம் சுருங்கிவிட்டது. வேண்டாம் என்று சொல்லப் போகிறார் என்று தெரிந்தது. நல்லது, வண்டி விற்காது என்று நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் டர்போ போய்விட்டது என்று ஒருவர் அந்த வண்டியைச் சொன்னது எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏங்க, நிறுத்துங்க. நான் ஓட்டிக் காட்டறேன்."

வந்தவர் முன்னாலேயே உட்கார்ந்திருந்ததால் என் கணவர் பின்னால் போக வேண்டியதாயிற்று. பின்சீட்டிலிருந்து அவர் கை எட்டாது.

பைபாஸில் ஏறினேன். இரண்டாவதில் மூவாயிரத்தைத் தாண்ட விட்டேன். மூன்றாவதில் நாலாயிரத்து ஐந்நூறு. நான்காவது வழுக்கிக்கொண்டு விழுந்தது. ஒரு லாரி குறுக்கே வர, பிரேக், கிளட்ச், ஒரு தட்டு, மூன்றாவது. யார் தலையும் ஆடவில்லை. வந்தவர் கைப்பிடியைப் பிடித்திருந்தார், பிறகு விட்டார், பிறகு சிரித்தார். "செம மேடம்" என்றார். கண்ணாடியில் என் கணவரைப் பார்த்தேன். அவர் என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். என் வாழ்க்கையில் அவர் அவ்வளவு நேரம் என்னைக் கூர்ந்து பார்த்ததில்லை. பார்த்துவிட்டார், போதும் என்று நினைத்தேன்.

வீட்டு வாசலில் இறங்கியதும் வந்தவர் என்னிடம்தான் கேட்டார். "மேடம், நீங்க எப்ப கியர் மாத்தறீங்க? எவ்ளோ ஆர்பிஎம்ல?"

நான் வாய் திறப்பதற்குள் என் கணவர் நடுவில் வந்தார்.

"சத்தம் வர்றதுக்கு முன்னாடியே மாத்திடுவா சார். நான்தான் கத்துக் குடுத்தேன். லேடீஸ் ஓட்டின வண்டி சார் இது, அடிச்சு ஓட்டினதே இல்ல. இவளுக்கே இவ்ளோ ஈஸியா வருதுன்னா பாத்துக்குங்களேன்."

வந்தவர் தலையாட்டினார். அங்கேயே பேசி முடித்தார்கள். இத்தனை நாளில் அந்த வண்டியை நான் ஓட்டினேன் என்று என் கணவர் வாயால் சொன்னது அந்த ஒரு தடவைதான்.

அடுத்த நாளே வந்து எடுத்துக்கொண்டு போனார்கள். வண்டி தெருமுனை திரும்பின பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்த மனிதர் கேட்ட கேள்விக்கு நான் உண்மையைச் சொல்லியிருந்தால், நாலாயிரத்து ஐந்நூறில் மாற்றுவேன், மே மாதம் முழுக்கத் தினமும் பைபாஸில் அப்படித்தான் விரட்டினேன் என்று சொல்லியிருந்தால், அவர் பயந்துபோய் வாங்காமலே கிளம்பியிருப்பார், வண்டி எங்கள் வாசலிலேயே நின்றிருக்கும். நான் அப்போது அவர்களுக்குக் காபி போட உள்ளே போய்விட்டேன்.