மர்லியாவின் சம்மதம்

மர்லியாவுக்குப் பெயர் வைத்தவர் அவளுடைய வாப்பா மஹ்ரூப். கொழும்பு கொட்டாஞ்சேனையில் குடைக்கடை வைத்திருந்தவர். மரண வீடுகளில் ஓதக் கேட்ட ஒரு குர்ஆன் ஆயத்தில் அந்தச் சொல் அவருக்குப் பிடித்துப்போயிருந்தது. அமைதியடைந்த ஆத்மாவிடம், நீ உன் இறைவனைப் பொருந்திக்கொண்டதாகவும் அவனால் பொருந்திக்கொள்ளப்பட்டதாகவும் அவனிடம் திரும்பி வா என்று சொல்லும் ஆயத் அது. அந்த இரண்டு பொருத்தங்களில் இரண்டாவதைக் குறிக்கும் சொல்தான் மகளின் பெயர். அல்லாஹ் பொருந்திக்கொண்டவள். பொருளில் ஒரு குறையும் இல்லை. தொல்லையெல்லாம் நடுவில் இருந்த ஓர் அறபு எழுத்தால் வந்தது.

அந்த எழுத்தின் ஒலி தமிழ் நாக்குக்குள் அடங்குவதில்லை. வீட்டில் மர்லியா என்றார்கள். பள்ளிவாசல் லெப்பை மர்ழியா என்றார். படிப்பித்த கன்னியாஸ்திரி ஒருவர் ‘மேரி லியா’ என்றே கூப்பிட்டுவந்தார். திருத்தித் திருத்தி மர்லியாவுக்கு அலுத்துப்போயிற்று. யாராவது அவள் பெயரை இரண்டாம் முறை கேட்டாலே முகம் கடுத்துவிடும்.

நாட்டில் போர் தொடங்குவதற்குச் சில வருடங்களுக்கு முன்பு, கிராண்ட்பாஸில் இருந்து ஸவாஹிர் என்ற மாப்பிள்ளை வந்தார். நல்ல மனுஷன். அவருடைய வாப்பாவின் தம்பி, பதியுதீன் சாச்சா, இந்தியாவில் மார்க்கம் ஓதிவிட்டு வந்தவர். நிக்காஹ் அன்று முன் ஹாலில் லெப்பை மணமகளின் பெயரைச் சொன்னதும், பதியுதீன் கையை உயர்த்தினார்.

“மர்ழியா இல்ல லெப்பை. மர்தியா. நிக்காஹ்ல பேர் பிழையா வரக் கூடாது.”

“எங்கட வாப்பாமார் காலத்துல இருந்து ழாவன்னாதான் ஓதி வாற” என்றார் லெப்பை.

பக்கத்து வீட்டு ஷிப்லி பம்பாய் வியாபாரி ஒருவரிடம் வேலை செய்தவர். அவரும் சும்மா இருக்கவில்லை. “எங்கட முதலாளிமார் மர்ஸியா எண்டுதான் சொல்லிய.”

“மர்ஸியா எண்டா ஒப்பாரி. கலியாண ஊட்டுல அதையா சொல்லச் சொல்றீங்க?” என்று பதியுதீன் சீறினார்.

மூன்று பேரும் குரலை உயர்த்தினார்கள். சமையல்காரர் இரண்டு தடவை எட்டிப்பார்த்துவிட்டுப் போனார். புரியாணி ஆறிக்கொண்டிருந்தது. உள் அறையில், கனத்த கூறைச் சேலைக்குள் வியர்த்து நனைந்தபடி மர்லியா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். கழுத்து நகை உறுத்தியது. தாகமாக இருந்தது. அதைவிட, தன்னை ஒரு வார்த்தை கேட்காமல் தன் பெயருக்கு ஊர் கூடி அடித்துக்கொள்வது பொறுக்கவில்லை.

கடைசியில், மாப்பிள்ளை வீட்டாருக்கு மனத்தாங்கல் வரக்கூடாதென்று, மர்தியா என்றே கேட்கட்டும் என மஹ்ரூப் விட்டுக்கொடுத்தார். இரண்டு சாட்சிகளோடு பதியுதீன் அறை வாசலுக்கு வந்தார்.

“மர்தியா, ஸவாஹிரைக் கட்டச் சம்மதமா?”

பெண் பேசாமல் இருந்தால் சம்மதம் என்று கொள்வதே வழக்கம். மர்லியாவுக்கு அது தெரியும். அதனால் அவள் பேசினாள்.

“அந்தப் பேருல இங்க ஒத்தரும் இல்ல.”

சாட்சிகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். உம்மா ஓடிவந்து அவள் தோளைக் கிள்ளினாள். “வாயப் பொத்து புள்ள.”

“கேட்டதுக்குத்தானே பதில் சொன்ன உம்மா. மர்லியாவுக்குச் சம்மதம். மத்தவங்கள எனக்குத் தெரியா.”

சாட்சிகள் ஹாலுக்குப் போய் அதை அப்படியே சொன்னார்கள். பிறகு அதுவரை வாய் திறக்காமல் இருந்த மாப்பிள்ளை, “நான் மர்லியாவத்தான் கேட்டு வந்த” என்று மெதுவாகச் சொன்னார். மஹ்ரூப் அவர் கையைப் பிடித்து, வீட்டில் சொல்லும் பெயரையே சொல்லி நிக்காஹ் செய்துகொடுத்தார். பதியுதீன் சாப்பிடாமல் எழுந்து போனார்.

ஆனால் அவர் இருந்தது மர்லியா வாழப்போன அதே கிராண்ட்பாஸ் வீட்டில். “மர்தியா, தேத்தண்ணி” என்று கூப்பிட்டால் தேத்தண்ணி வராது. சில மாதம் மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டு ‘மகள்’ என்று கூப்பிடத் தொடங்கினார். அதன் பிறகு மர்லியா அவருக்கு இஞ்சி தட்டிப்போட்டே தேத்தண்ணி கொடுத்தாள். இரண்டு பேருக்கும் நன்றாகவே ஒத்துப்போயிற்று.

பெண் குழந்தை பிறந்தபோது, அந்த எழுத்தே இல்லாத பெயராகத் தேடி பைறோஸா என்று வைத்தாள். பச்சைநீலக் கல் ஒன்றின் பெயர்.

“இது அறபில்லையே மகள், பாரசீகம்” என்றார் பதியுதீன்.

“அதுக்குத்தான் சாச்சா வெச்ச.”

 அன்று பின்னேரமே பிள்ளை பார்க்க வந்த லெப்பையும் ஷிப்லியும் முன் ஹாலில் அவரோடு உட்கார்ந்தார்கள். முதல் எழுத்தைப் பானா மாதிரிச் சொல்வதா, உதட்டைக் கடித்து ஊதிச் சொல்வதா என்று பேச்சு வளர்ந்தது. மர்லியா கட்டிலில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு கணவரைக் கூப்பிட்டாள்.

“அவங்களுக்குத் தேத்தண்ணி குடுத்து அனுப்பிடுங்க. புள்ள தூங்கணும்.”