சாக்குக்கு இரண்டு கிலோ

கைப்பேசியில் அந்த டிக்கெட் விலையைப் பார்த்து நான் கத்திய கத்தலில், அடுப்பு பற்றிக்கொண்டது என்று நினைத்துப் பக்கத்துக் காம்பரா வீட்டிலிருந்து தண்ணீர் வாளியோடு ஓடி வந்தார்கள். கொழும்பிலிருந்து திருச்சிக்கு அந்த விலையா! வேன் பிடித்துக் கொழும்புக்குப் போய் வந்தாலே அவ்வளவு ஆகும். மலிவு விமானம் ஒன்றில் சலுகை போட்டிருந்தார்கள். கந்தப்பளைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய அறைகளில் ஒன்றில், நானும் அம்மாவும் இருந்தோம். நுவரெலியாவில் ஒரு மருந்துக்கடையில் எனக்கு வேலை.

"அம்மா, சித்தியப் பாக்கப் போறோம்!"

"ஆமா ஆமா, போவோம்" என்றார் அம்மா, ரொட்டியைத் திருப்பிப் போட்டபடி. இதே வாக்கியத்தை நான் எத்தனை முறை சொல்லியிருப்பேனோ, அவரும் பாவம் எத்தனை முறைதான் திரும்பிப் பார்ப்பார்.

சித்தி அம்மாவின் ஒரே தங்கை. இரண்டு அரசாங்கங்களும் ஒப்பந்தம் போட்டு, தோட்டத்து நம் ஆட்களை இந்தியாவுக்கு, இலங்கைக்கு என்று பங்கு போட்டுப் பிரித்த காலத்தில் தாய் தகப்பனோடு கப்பல் ஏறிப் போனவர். அம்மாவுக்கு அதற்குள் கல்யாணம் முடிந்திருந்ததால் இங்கேயே நின்றுவிட்டார். அங்கே கோத்தகிரியில் சித்தியும் தேயிலைதான் பறித்தார். அதன் பிறகு அக்காவும் தங்கையும் நேரில் பார்த்துக்கொள்ளவே இல்லை. வீடியோவில் பேசினால் எங்கள் பக்கம் சிக்னல் வராது, வந்தாலும் சித்தியின் நெற்றியும் கூரைத் தகரமும்தான் தெரியும். இருவருக்கும் வயதாகிக்கொண்டிருந்தது. இந்தச் சலுகையை விட்டால் என் சம்பளத்தில் இது நடக்கப்போவதில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

ஆகவே சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தை வங்கியில் போட்டுவிட்டு, கைப்பேசியோடு உட்கார்ந்தேன். முதல் பக்கத்தில் நான் பார்த்த விலை இருந்தது. அடுத்த பக்கத்தில், ஜன்னலோரம் வேண்டுமா, அதற்குத் தனிக் காசு. வேண்டாம். அம்மாவும் நானும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வேண்டுமா, அதற்கும் காசு! பெற்ற தாயின் பக்கத்தில் உட்கார யாராவது காசு கேட்பார்களா? வேண்டாம் என்று அழுத்தினேன். சாப்பாடு வேண்டாம். பெட்டி அனுப்ப வேண்டாம், அதன் விலை இன்னொரு ஆள் டிக்கெட் அளவுக்கு இருந்தது. பயணக் காப்புறுதிக்கு அவர்களே சரி போட்டு வைத்திருந்தார்கள். அதைத் தேடிப் பிடித்து நீக்கினேன். எல்லாம் முடிந்து கடைசிப் பக்கத்தில், அட்டையில் காசு கட்டுவதற்கு ஒரு கட்டணம். காசு கட்டுவதற்குக் காசு! எனக்கு வந்த கோபத்தில் கைப்பேசியை மெத்தையில் எறிந்துவிட்டு, உடனே பயந்து எடுத்துப் பார்த்தேன். நல்லவேளை, பக்கம் அப்படியே இருந்தது. கட்டினேன். டிக்கெட் வந்துவிட்டது.

அம்மா அப்போதுதான் நம்பினார். மாவுக் கையோடு என் பக்கத்தில் வந்து நின்று, "எங்க, பேரு போட்டிருக்கா? காட்டு" என்றார். தன் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தார். பிறகு லயம் முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார்.

அன்றிலிருந்து மூட்டை கட்டும் வேலை ஆரம்பமானது. ஆளுக்கு ஒரு கைப்பை, அதில் ஏழு கிலோ. அவ்வளவுதான் இலவசம். அம்மாவுக்கு அது காதில் ஏறவே இல்லை. தங்கை வீட்டுக்கு முதல் தடவையாகப் போகிறார், வெறுங்கையோடு போவதா? சித்தி போனில் ஒரே ஒரு ஆசையைத்தான் சொல்லியிருந்தார், மாசிக் கருவாடு போட்ட சம்பல் ஒரு வாய் தின்ன வேண்டும் என்று. அம்மா மாசி வாங்கினார். கித்துள் கருப்பட்டி வாங்கினார். சித்திக்குச் சேலை, சித்தி மகளுக்குத் துணி, தேங்காய்ப்பூ பிஸ்கட், கடைசியாக எங்கள் தோட்டத்துத் தேயிலைத்தூள்.

"அம்மா, அவங்களும் தேயிலைத் தோட்டத்துலதான் இருக்காங்க."

"அது அந்த ஊருத் தூளு. அவ இந்தத் தண்ணியில வளந்தவ. நீ சும்மா இரு புள்ள."

எடை பார்க்க வீட்டில் தராசு இல்லை. கொழுந்து நிறுக்கும் மடுவக் கொட்டகைக்கு இரண்டு பைகளையும் தூக்கிக்கொண்டு போனோம். நிறுக்கிறவர் பைகளைக் கொக்கியில் மாட்டினார். ஒவ்வொன்றும் ஒன்பது காட்டியது.

"சாக்குக்கும் ஈரத்துக்கும் ரெண்டு கழிச்சா ஏழு" என்றார் அம்மா.

"சரியா இருக்கு" என்றார் நிறுக்கிறவர்.

எனக்கும் அது சரியாகவே இருந்தது. தராசு காட்டுவதில் இரண்டைக் கழித்துவிட்டுத்தான் கொழுந்துக் கணக்கில் எழுதுவார்கள் என்பதைப் பால்குடியிலிருந்து கேட்டு வளர்ந்தவள் நான். பைக்குள் ஈரமே இல்லை என்பதுகூட எனக்குத் தோன்றவில்லை. சந்தோஷமாகத் திரும்பி வந்தோம்.

நானுஓயாவில் ரயில் ஏறினோம். மூன்றாம் வகுப்பு, முன்பதிவு இல்லை. எங்கள் பெட்டியில் லீக்ஸ் கட்டோடு ஒருவர், பலாக்காயோடு ஒருவர், இரண்டு கோழிகளோடு ஒரு அம்மாள். யாரையும் யாரும் நிறுக்கவில்லை. அம்மா ஹட்டன் வரை சித்தியைப் பற்றியே பேசினார். கொழும்பில் தெரிந்தவர் வீட்டில் தங்கி, மறுநாள் காலை கட்டுநாயக்கா விமான நிலையம் போய்ச் சேர்ந்தோம். எனக்குச் சும்மா சும்மா சிரிப்பு வந்தது. அம்மாவோ திருவிழாவுக்கு வந்த சின்னப்பிள்ளை மாதிரி அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தார்.

கவுண்டரில் இருந்த சிங்களப் பெண் பைகளைத் தராசில் வைக்கச் சொன்னார். ஒன்பது. இரண்டும் ஒன்பது. கூடுதல் எடைக்குக் கட்டணம் என்று ஒரு தொகையைச் சொன்னார். அதைக் கட்டினால் திருச்சியில் இறங்கி பஸ்ஸுக்குக் காசு இருக்காது. கட்டாவிட்டால் சாமான்களை இங்கேயே விட்டுவிட வேண்டும்.

அம்மா மட்டும் கொஞ்சமும் கலங்கவில்லை. தன் சந்தைச் சிங்களத்தில் மகளே என்று கூப்பிட்டு, அந்தப் பெண்ணுக்கு விளக்கினார். "சாக்குக்கு ரெண்டு கிலோ கழிக்கணும் மகளே, நீ மறந்துட்ட."

"பையும் சேத்துத்தான் எடை, அம்மா."

"பையும் சேத்தா?" அம்மாவின் குரல் ஏறியது. "பையத் திங்கவா போறோம்? நான் வயசுக்கு வந்த காலத்துலருந்து கொழுந்து எடுக்கிறேன். ஒரு நாளாச்சும் சாக்கச் சேத்து எனக்குக் காசு குடுத்திருக்காங்களா? அங்க கழிப்பாங்க, இங்க சேப்பாங்களா? அது என்னா நியாயம்?"

எனக்குப் பின்னால் வரிசை நீண்டது. அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனால் மரியாதையாகத்தான் சொன்னார், தன் கையில் எதுவும் இல்லை, வேண்டுமானால் ஓரமாகப் போய்க் குறைத்துக்கொண்டு வாருங்கள் என்று.

ஓரமாகப் போய்ப் பைகளைத் திறந்தோம். தேயிலைத்தூளை எடுத்தேன். அம்மா பிடுங்கி உள்ளே வைத்தார். கருப்பட்டியை எடுத்தேன். அதையும் பிடுங்கினார். சித்தியின் புதுச்சேலையை எடுத்து, "இதக் கட்டிக்கிட்டு வாங்க, அங்க போயி அவுத்துக் குடுக்கலாம்" என்றேன்.

"கட்டுன சேலையக் குடுக்குறதா என் தங்கச்சிக்கு?" என்று முறைத்தார். பிறகு தன்னுடைய சேலைகள் இரண்டையும் வெளியே இழுத்தார், உள்பாவாடைகள், கம்பளிச் சால்வை, ஸ்வெட்டர் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு கழிப்பறைக்குள் போனார். நானும் என் துணிகளோடு பின்னாலேயே போனேன்.

வெளியே வந்தபோது அம்மா மூன்று சேலை, அதற்கு மேல் ஸ்வெட்டர், அதற்கு மேல் சால்வை. நான் இரண்டு சுடிதாரும் மழைக்கோட்டும். கைகள் உடம்போடு ஒட்டவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு சுவரில் சாய்ந்து சிரித்தோம், அம்மாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தராசு ஏழு காட்டியது. அந்தப் பெண் எழுந்து நின்றே எங்கள் போர்டிங் பாஸைக் கொடுத்தார். ஒரு சாமானைக்கூட நாங்கள் விடவில்லை! எனக்கு அங்கேயே ஆட வேண்டும் போல் இருந்தது, ஆடியிருந்தால் உருண்டுதான் போயிருப்பேன். விமானத்தில் அம்மா முன்னால், நான் பின்னால். அம்மா மட்டும் அடிக்கடி திரும்பி, மேகத்தைப் பார் மேகத்தைப் பார் என்று கையைக் காட்டினார்.

திருச்சியில் சித்தி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். முதல் நாளே பஸ் ஏறி வந்திருந்தார். என் அம்மாவின் முகமே இன்னொரு உடம்பில் நின்றது. அம்மா பையைக் கீழே போட்டுவிட்டு ஓடினார், அத்தனை சேலையோடும் ஓடினார். கட்டிப்பிடித்துக்கொண்டு இருவரும் அழுதார்கள், நானும் அழுதேன்.

சித்தி கொஞ்சம் விலகி அம்மாவை மேலும் கீழும் பார்த்தார். இடுப்பைத் தடவினார். "அக்கா, நீ வத்தி வதங்கிப் போயிருப்பன்னு நெனச்சு நெனச்சு அழுவேன். நல்லா பூசுனாப்புல இருக்க. எனக்கு இப்பதான் மனசு நிம்மதியா இருக்கு."

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் வாயை மூடிக்கொண்டேன். "எனக்கு என்னா கொற? நல்லா இருக்கேன்" என்றார்.

கோத்தகிரிப் பக்கம் போக இரவு பஸ்தான். அதுவரை இருக்க பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் சித்தி ஒரு லாட்ஜ் அறை எடுத்திருந்தார். அந்த வெயிலில் அம்மாவால் தாங்க முடியவில்லை. ஸ்வெட்டரைக் கழற்றினார். முதல் சேலையை அவிழ்த்தார். கீழே இன்னொன்று இருப்பதைப் பார்த்துச் சித்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் கவுண்டர் கதையைச் சொன்னேன், இன்னும் சிரித்தார். இரண்டாவது சேலை கட்டிலில் விழுந்தது. சித்தியின் சிரிப்பு மெல்ல நின்றது.

எழுந்து வந்து அம்மாவின் மேல்கையைப் பிடித்தார். பெருவிரலும் நடுவிரலும் சுற்றி வந்து ஒன்றையொன்று தொட்டன. அம்மா ஜன்னல் பக்கம் பார்த்தார்.

சித்தி முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இடுப்புப் பையிலிருந்து காசை எடுத்து என் கையில் திணித்தார். மூன்று பேருக்கு நான்கு சாப்பாடு வாங்கிவரச் சொல்லி என்னைக் கீழே துரத்தினார்.