உடைக்காமல் பிரிப்பது

என் அண்ணனுக்கு ஆய்வுக்கூடத்தில் புல்டோசர் என்று பெயர். சும்மா வைக்கவில்லை. வாய் பேசும்போதே கை நீளும். கேன்டீன்காரருக்கு ஒரு பல் அப்படித்தான் போனது.

அவன் வேலை கார்பன் நானோ குழாய்களைப் பிரிப்பது. கண்ணுக்குத் தெரியாத இந்தக் குழாய்கள் சூரிய மின்கலத்தில் வெயிலை மின்சாரமாக்க உதவும். ஆனால் தூளாக வரும்போது கற்றை கற்றையாக ஒட்டிக் கிடக்கும். கரைசலில் போட்டு, அதிரும் கம்பியை உள்ளே விட்டால் பிரியும். பிறகு பருத்தவற்றை ஒதுக்கிவிட்டு, சன்னமானவற்றைக் கலத்தில் பூசுவார்கள். சன்னமாக இருந்தால்தான் பக்கத்துப் படலத்துக்கு மின்னூட்டத்தைக் கைமாற்றும். நீளமாக இருந்தால்தான் அதைத் தூரம் கொண்டுபோகும்.

அண்ணன் கம்பியை முழு விசையில் வைப்பான். குழாய்கள் சீக்கிரம் பிரிந்தன; கூடவே துண்டு துண்டாக நொறுங்கின. மின்கலங்கள் சோனியாகவே வந்தன. மின்சாரத்தை அளந்து, குறைவு என்று சொன்ன உதவியாளர் பெண்ணின் முன்னால் குடுவையைச் சுவரில் அடித்தான். சில்லு அவள் நெற்றியைக் கிழித்தது. இன்னொரு தடவை இப்படி நடந்தால் வேலை கிடையாது என்றார் தலைமை விஞ்ஞானி. அந்தக் கோபத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து அண்ணியின் கையை முறுக்கி எலும்பை முறித்தான். மாவுக்கட்டோடு அண்ணி என் வீட்டுக்கு வந்தாள். திரும்பிப் போவதா வேண்டாமா என்று தெரியாமல் சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தாள்.

வேலை போய்விடும் பயத்தில் அண்ணன் வழிக்கு வந்தான். கம்பியைத் தூக்கி வைத்துவிட்டு, கரைசலைக் கலக்கியில் போட்டு நாள் முழுக்க மெல்லச் சுழலவிட்டான். குழாய்கள் உடையாமல் பிரிந்தன. கலம் தந்த மின்சாரம் மளமளவென்று ஏறியது.

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு என் வாசலுக்கு வந்தான். தான் மாறிவிட்டதாகவும், இப்போது குழாய்கள் உடைவதே இல்லை என்றும் அளந்துகொண்டே போனான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அண்ணி நிதானமாகக் கேட்டாள்:

"வேலை போயிடும்னு பயந்ததும் கண்ணுக்குத் தெரியாத குழாய்கிட்டகூட உங்களுக்குப் பொறுமை வந்துடுச்சு. என்னை உடைச்சா என்ன போயிடும்னு பயந்தீங்க?"

அண்ணன் கையை ஓங்கினான். அது இறங்குவதற்குள் அண்ணி மாவுக்கட்டுக் கையை வீசி அவன் மூக்கில் அறைந்தாள். ரத்தம் வாசற்படியில் கொட்டியது. வலியில் அவளும் அலறினாள். கூடப் பிறந்தவனாயிற்றே என்று நான் பதறவில்லை, வயிறு குளிர்ந்தது. அவனை வெளியே தள்ளித் தாழ்ப்பாள் போட்டேன்.

அவன் கதவை முழு விசையில் இடித்தான். அண்ணி கையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

"இனிமே நான் போகமாட்டேன்" என்றாள்.

நான் போலீசுக்குப் போன் போட்டேன்.