ஹாஸ்டலுக்கு வாங்கிய மல்லிகை

எம்.டெக். சேருகிறவர்கள் என்னென்ன கொண்டுவர வேண்டும் என்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு சீனியர் பட்டியல் போட்டிருந்தான். லேப்டாப், சயின்டிபிக் கால்குலேட்டர், லேபுக்குப் போட மூடிய ஷூ, பென்டிரைவ், வாளி, பூட்டு, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். அதற்குக் கீழே பழகிக்கொள்ள வேண்டியவை: தினமும் ஒரு ஆய்வுக் கட்டுரை, அரைமணி நேர நடை, எட்டு மணி நேரத் தூக்கம். அடப்பாவி, எட்டு மணி நேரமா என்று நினைத்துக்கொண்டேன். அதைப் படிக்கும்போது என் மகள் மடியில் கிடந்து பால் குடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இரண்டு வயது முடிந்து சில மாதங்கள் ஆகியிருந்தன.

கேட் தேர்வுக்கு நான் படித்ததே அப்படித்தான். ஒரு கையில் புத்தகம், இன்னொரு கையில் அவள். பக்கத்தைத் திருப்ப வேண்டுமென்றால் மூக்கால்கூடத் திருப்பியிருக்கிறேன். சென்னையில் கட்டுமானப் பொறியியலுக்கு இடம் கிடைத்தபோது சோரியாங்குப்பத்தில் எங்கள் தெருவே வந்து கைகொடுத்தது. "சந்தோஷமா?" என்று கேட்டார்கள். "ஆமாம்" என்றேன். உள்ளே ஒன்றும் இல்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி இருந்தது, கிள்ளினாலும் தெரியாது. பி.இ. முடித்து, கல்யாணம் ஆகி, பிள்ளை பெற்று, எங்கேயோ விட்ட படிப்பை எட்டிப் பிடித்தவளுக்கு இப்படியா இருக்கும்? என் மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது. அந்த எரிச்சலும் ஒரு நிமிஷம்தான்.

என் கணவருக்குப் பாகூர் கடைத்தெருவில் பைப், மோட்டார் சாமான் கடை. அவர்தான் என்னைவிடப் பரபரப்பாக இருந்தார். எக்ஸ்டென்ஷன் பாக்ஸைக் கடையிலேயே தன் கையால் செய்தார். ஒயர் எவ்வளவு நீளம் என்கிறீர்கள், அந்த ஒயரைப் பிடித்துக்கொண்டே ஹாஸ்டலிலிருந்து பாகூருக்கு நடந்து வந்துவிடலாம். "இன்னாங்க இது, ரூமுக்கா போர்வெல்லுக்கா?" என்றேன். "பிளக் பாயின்ட் எங்க கீதோ யாரு கண்டா" என்றார். வாளிகூட இரண்டு எடுத்து வைத்தார். எல்லாம் வந்து சேர்ந்துவிட்டது. பிள்ளையின் பால் பழக்கத்தை நிறுத்துவது ஒன்றுதான் பாக்கி.

அவருடைய அக்கா இரண்டு வீடு தள்ளி இருக்கிறார். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். கணவர் கடைக்குப் போனால் பகலெல்லாம் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அண்ணியை விட்டால் ஆளில்லை. அவர் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்: "சோறு ஊட்டறேன், குளிப்பாட்டறேன், இன்னா வேணா பண்றேன். ஆனா பால்குடி மறக்காத புள்ளய என் கையில குடுத்துட்டுப் போவாத. அது அழுது நான் பாக்க முடியாது." கணவரும் தலையாட்டினார். "அக்கா சொல்றது கரெக்ட்டும்மா. மறந்தா போ. மறக்கலன்னா இந்த வருசம் வுட்டுடு, அடுத்த வருசம் பாக்கலாம்." அடுத்த வருஷமாம். அடுத்த வருஷம் எனக்காக எவன் சீட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்? ஹாஸ்டலில் குழந்தைக்கும் அனுமதி கிடையாது. ஆக, கல்லூரி திறப்பதற்குள் அவள் மறந்தால் நான் எம்.டெக். மறக்காவிட்டால் கடையில் பைப்புக்குப் பில் போட வேண்டியதுதான்.

முதலில் வேப்பிலை. அண்ணியே அரைத்துக் கொண்டுவந்தார். தடவிக்கொண்டு உட்கார்ந்தேன். மகள் வந்தாள், வாய் வைத்தாள், முகத்தைச் சுளித்தாள், துப்பினாள். அண்ணி ஜெயித்த முகத்தோடு என்னைப் பார்த்தார். மகள் என் முந்தானையை இழுத்து நன்றாகத் துடைத்தாள். துடைத்துவிட்டுக் குடித்தாள். "அடி ஆத்தாடி, இன்னா புள்ளடி இது!" என்று அண்ணி வாயைப் பிளந்தார். கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். "எஞ்சினியர் பொண்ணு இல்ல? பிராப்ளத்த சால்வ் பண்ணிடிச்சி" என்றார். எனக்கும் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

அடுத்து அவளை அண்ணி வீட்டில் படுக்கவைத்துப் பார்த்தோம். அழுது அழுது வாந்தி எடுத்தாள். அண்ணி தூக்கிக்கொண்டு ஓடிவந்து என் மடியில் போட்டார். கொடுத்தேன். விக்கிக்கொண்டே குடித்தாள். அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கல்லூரி திறக்கப் பத்து நாள்கூட இல்லாதபோது அண்ணி பிளாஸ்திரியும் குங்குமமும் எடுத்துக்கொண்டு வந்தார். குங்குமத்தை எண்ணெயில் குழைத்து என் மார்பில் தடவி, மேலே பிளாஸ்திரி ஒட்டினார். பிறகு பிள்ளையைக் கூப்பிட்டுக் காட்டினார். "பாரு கண்ணு, பாரு. நீ குடிச்சிக் குடிச்சி அம்மாக்குப் புண்ணாயிடிச்சி. ரத்தம் பாரு."

அவள் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அப்புறம் வாயைக் குவித்து, அவள் முட்டியில் அடிபட்டால் நான் ஊதுவேனே, அதே மாதிரி ஊதினாள். அதோடு சரி. அதற்குப் பிறகு ஒருமுறைகூடக் கேட்கவில்லை. டம்ளரில் பால் கொடுத்தால் குடித்தாள். கணவரைக் கட்டிக்கொண்டு தூங்கினாள். என் பக்கம் வந்தால் பிளாஸ்திரி இருந்த இடத்தை ஒருதரம் பார்ப்பாள், போய்விடுவாள்.

அண்ணிக்குப் பெருமை தாங்கவில்லை. "பெத்த மனம் பித்து, புள்ள மனம் கல்லுன்னு சும்மாவா சொன்னாங்க? பாரு, நாலு நாள்ல மறந்துடிச்சி" என்று தெருவில் போகிறவர்களையெல்லாம் நிறுத்திச் சொன்னார். எங்கள் வீட்டில் அது தலைகீழாக இருந்தது. அந்தப் பிள்ளை ஊதியது பித்து. பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நான் கல்லு.

மனம்தான் மரத்துப்போயிருந்ததே தவிர உடம்பு மரக்கவில்லை. பால் கட்டிக்கொண்டு நெஞ்சு செங்கல்லாய்க் கனத்தது. காய்ச்சல் வேறு. மல்லிகைப் பூவை வைத்துக் கட்டினால் பால் வற்றும் என்பார்கள். அண்ணி பாகூரிலிருந்து பூ வாங்கிவரச் சொல்லி, பழைய துணியில் பரப்பி என் நெஞ்சோடு இறுக்கிக் கட்டிவிட்டார். "போற எடத்துல தெனம் வாங்கிக் கட்டிக்கோ. மறந்துடாத" என்றார். சீனியர் போட்ட பட்டியலில் இது இல்லை.

கிளம்பும் நாளும் அண்ணி சொன்னபடிதான் நடந்தது. "அது தூங்கச்ச போயிடு. முழிச்சுக்கினு இருந்தா உன்ன வுடாது." விடியற்காலையில் அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். நான் இரண்டு வாளியோடும் அந்த ஒயரோடும் வண்டியில் ஏறினேன். ஏரிக்கரைப் பக்கம் வரும்போது கணவர் திரும்பி, "அழுவுறியா?" என்று கேட்டார். "இல்லியே" என்றேன். நிஜமாகவே இல்லை.

ஹாஸ்டலில் என் அறையில் கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி. பி.இ. முடித்த கையோடு வந்தவள். அந்த ஒயரைப் பார்த்ததுமே அவளுக்கு என்னைப் பிடித்துப்போயிற்று, ஏனென்றால் அறையின் ஒரே பிளக் பாயின்ட் கதவுக்குப் பின்னால் இருந்தது. முதல் வகுப்பில் பேராசிரியர் நல்ல விஷயங்கள்தான் சொன்னார். எந்தச் சூத்திரத்தையும் ஏன் என்று கேட்காமல் எழுதாதீர்கள், கணினி தரும் விடையைக் கையால் ஒருமுறை போட்டுப் பாருங்கள். எழுதிக்கொண்டேன். நடுவில் வெளியே தாழ்வாரத்தில் யாருடைய குழந்தையோ வீரிட்டு அழுதது. அவ்வளவுதான், என் சட்டையின் முன்பக்கம் நனைந்துவிட்டது. லேப்டாப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வகுப்பு முடியும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன். எழுந்து போயிருக்கலாம், ஆனால் எழத் தோன்றவில்லை. உத்திரத்தில் பாரம் எப்படிப் பரவுகிறது என்று அவர் படம் போட்டார். நல்ல படம்.

சாயங்காலம் கேட்டுக்கு எதிரே பூ விற்கிற அம்மாவிடம் இரண்டு முழம் வாங்கினேன். தினமும் வாங்கினேன். தலையில் வைக்காமல் பைக்குள் போட்டுக்கொள்வதைப் பார்த்து அந்த அம்மா, "சாமி படத்துக்காம்மா?" என்றார். ஆமாம் என்றேன். அறைப்பெண்தான் விடவில்லை. "ஏனுங்க்கா, ரூமெல்லாம் கல்யாண வீடாட்டம் மணக்குது, தலையில ஒரு பூவும் காணோமுங்களே?" என்று சீண்டினாள். சொன்னேன். அவள் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. மறுநாள் அவளே பூ வாங்கி வந்து என் கட்டில்மேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டாள். நல்ல பெண்.

வீட்டுக்குப் போன் போட்டால் மகள் பேச வரமாட்டாள். "வெளாடுதும்மா. நல்லாத்தான் கீது. அழுவவே இல்ல" என்பார் கணவர். சரி, மறந்துவிட்டாள், நல்லதுதான் என்று வைத்துவிட்டுப் பாடத்தை எடுப்பேன். வாரக்கடைசிக்குள் பாலும் வற்றிவிட்டது. கனம் போய்விட்டது. வேண்டியதெல்லாம் வேண்டியபடி நடந்திருந்தது. எனக்குத்தான் சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா இல்லையா என்றுகூடத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வகுப்பு முடிந்ததும் பஸ் பிடித்தேன். புதுச்சேரியில் இறங்கி பாகூர் பஸ் மாறிக் கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. கடை வாசலில் சுருட்டி வைத்திருந்த பைப்பின்மேல் மகள் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். ஓடிவருவாள் என்று கையை நீட்டினேன். வரவில்லை. பின்னால் ஓர் அடி வைத்தாள்.

"வாடி கண்ணு, அம்மாடி" என்றேன்.

அவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். "தொட மாட்டேன்மா" என்றாள். "நான் தொடவே மாட்டேன். நீ வூட்லயே இரு."

எனக்குப் புரியவில்லை. கணவர்தான் மெதுவாகச் சொன்னார். ஒரு வாரமாகக் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அவள் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாளாம். நான் குடிச்சிட்டேன், அம்மாக்குப் புண்ணு, அதான் அம்மா வூட்டவுட்டுப் போயிடிச்சி. "உன்கிட்ட சொன்னா நீ படிக்க மாட்டன்னுதாம்மா சொல்லல" என்றார். போனுக்கு ஏன் வரவில்லை என்று கேட்டேன். பேசினாலும் எனக்கு வலிக்கும் என்று நினைத்தாளாம்.

அடி பாவி மகளே. அவள் மறக்கவே இல்லை. என்னைத் துரத்தியது தான்தான் என்று நினைத்துக்கொண்டு, அழாமல், ஒருவரையும் கேட்காமல், ஒரு வாரம் பைப்பின்மேல் உட்கார்ந்திருக்கிறாள்.

பாகூருக்கு வந்திருந்த அண்ணி கடைக்குள்தான் இருந்தார். "இன்னும் ஆறலன்னு சொல்லுடி. ஆறிடிச்சின்னு சொன்னா மறுபடியும் கேக்கும், எல்லாம் பாழாப்பூடும்" என்று என் காதில் சொன்னார். அவர் சொல்வதில் நியாயம் இருந்தது. திங்கட்கிழமை நான் திரும்பிப் போக வேண்டும். ஆறவில்லை என்று சொன்னால் சீட்டு கைவிட்டுப் போகாது, ஆனால் பிள்ளை கையைப் பின்னால் கட்டிக்கொண்டே நிற்பாள்.

கடை வாசல் மண்ணிலேயே உட்கார்ந்தேன். "புண்ணே இல்லடி. அது வெறும் குங்குமம். அம்மா பொய் சொல்லிட்டேன். நீ ஒண்ணுமே பண்ணல. அம்மா படிக்கப் போயிருந்தேன்" என்றேன்.

அவள் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே வந்தாள். சட்டைக் கழுத்தை ஒரு விரலால் விலக்கி உள்ளே பார்த்தாள். "குடிக்கட்டா?" என்றாள். பிறந்ததிலிருந்து அவள் என்னைக் கேட்டுக்கொண்டு குடித்ததே இல்லை.

"பால் தீந்துபோச்சு கண்ணு."

"தீந்துபோச்சா?"

"தீந்துபோச்சு."

"சரி" என்றாள். சொல்லிவிட்டு மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். அவ்வளவுதான். வேப்பிலையும் வேண்டாம், ரத்தமும் வேண்டாம், உள்ளதைச் சொன்னால் போதுமாயிருந்தது. நடுக்கடைத்தெருவில், பைப் வாங்க வந்தவர்கள் பார்க்க, நான் ஓவென்று அழுதேன். அண்ணி தன் முந்தானையால் என் முகத்தைத் துடைத்து, "சரி வுடு, சரி வுடு" என்று சொல்லிக்கொண்டே தானும் அழுதார்.

திங்கட்கிழமை விடியற்காலை அவளை எழுப்பினேன். படிக்கப் போகிறேன், வெள்ளிக்கிழமை வருவேன் என்று முகத்தைப் பார்த்துச் சொன்னேன். அவள் என் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். கணவர் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது. தெருமுனை திரும்பியும் அந்த அழுகை எனக்குக் கேட்டது. நெஞ்சு வலித்தது. வலிக்கிறது என்று தெரிந்தது. நானும் அழுதுகொண்டே பஸ்ஸுக்கு நடந்தேன்.